பெர்மிட் கேன்சல் ஆனாலும் கிளைம் கேன்சல் ஆகாது

வணக்கம் தம்பிகளே, அண்ணன்மார்களே. இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ இல்லை. போன வியாழன் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு தம்பி போன் செய்தார். இங்கே சிங்கப்பூரில் கட்டட வேலையில் கால் முறிந்து டார்மெட்ரியில் படுத்திருக்கிறார். "வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணிட்டாங்கண்ணே. ஞாயிற்றுக்கிழமை திருச்சி ஃப்ளைட். இனி நான் அந்த கம்பெனி ஆளே இல்லையே, எப்படிக் காசு கேட்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வீடியோ.

கேட்கலாம் தம்பி. சிங்கப்பூரில் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. விக்கா என்பார்கள். இப்போதுள்ள சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அடிபட்ட அன்று நீங்கள் அந்த வேலையில் இருந்தீர்களா என்பதுதான் அதற்கு முக்கியம். அதற்கப்புறம் உங்களை நிறுத்தினார்களா, நீங்களே விட்டீர்களா என்பதால் உரிமை போகாது. "உன் கவனக்குறைவு" என்று சூப்பர்வைசர் சொன்னாலும் போகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, அடிதடியில் இறங்கியது மாதிரி சில விஷயங்களில்தான் சிக்கல் வரும்.

இந்தக் கையைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. 2021இல் கப்பல் பட்டறையில் ஆங்கிள் இரும்பு சரிந்து விழுந்தது. மூன்றாவது வாரம், கட்டுகூடப் பிரிக்கவில்லை, ஒரு தாளை நீட்டினார்கள். பாக்கி எல்லாம் வாங்கிக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்து பெட்டில் இருந்த அண்ணன் படித்துச் சொல்லாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன் கையெழுத்து. நீங்கள் போடாதீர்கள். புரியாத தாளை போட்டோ எடுத்து, தெரிந்தவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

மறுநாளே பெண்டமீர் ரோட்டில் இருக்கும் எம்.ஓ.எம்., அதாவது மனிதவள அமைச்சின் சேவை நிலையத்துக்குப் போனேன். பெர்மிட் போனபின் ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள். கிளைம் முடியும்வரை இங்கேயே தங்கலாம். ஆனால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. என்னை உடைத்தது அதுதான். ஊரில் அம்மா மாதாமாதம் போன் செய்து, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிடுவார். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு என்னைப் போன்றவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. பல நாள் அங்கேதான் சாப்பிட்டேன். கேஸ் பற்றியும் அங்கே பேசலாம். கூச்சப்படாமல் போங்கள்.

வேலை போனபிறகும் ஆஸ்பத்திரிச் செலவும் எம்.சி., அதாவது டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்பு நாட்களுக்கான சம்பளமும் உங்களுக்கு வரவேண்டும். வெளிநோயாளி எம்.சி. என்றால் முதல் 14 நாள், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் முதல் 60 நாள் முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை. அதனால் ஒவ்வொரு எம்.சி. தாளையும் பத்திரமாக வையுங்கள்.

சம்பளச் சீட்டையும் அப்படியே. நிரந்தரக் குறைபாட்டுக்கான தொகையை உங்கள் வயது, குறைபாட்டின் சதவீதம், அப்புறம் முந்தைய 12 மாதச் சராசரி வருமானம் பார்த்துப் போடுகிறார்கள். அந்த வருமானத்தில் ஓ.டி.யும், அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளமும் சேரும். ஓ.டி. விட்டுப்போனால் தொகை நன்றாகக் குறையும். இழப்பீடு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு நோட்டீஸ் வந்தால் அன்றே படியுங்கள். ஆட்சேபம் சொல்ல 14 நாள்தான்.

கிளைம் போட விபத்து நடந்து ஓராண்டு அவகாசம். ஏற்கனவே ஊருக்குப் போய்விட்ட அண்ணன்களே, உங்களுக்கும் அதே ஓராண்டுதான். நாள் கணக்குப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காமார்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது எனக்குப் பெரிய வருத்தம்.

வண்டியில் ஏற்றி சாங்கி ஏர்போர்ட் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்களா? அங்கேயும் வழி இருக்கிறது. குடிநுழைவு கவுண்டரில் இருக்கும் அதிகாரியிடம், "எனக்கு வேலையில் அடிபட்டிருக்கிறது, கிளைம் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள். உடைந்த இங்கிலீஷ் போதும்.

அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறவில்லை. நாளைக் காலை பெண்டமீர் ரோட்டுக்குப் போகிறார். ஊன்றுகோலோடு எம்.ஆர்.டி. ரயில் ஏறுவது கஷ்டம், அதனால் நான் லீவு போட்டுக் கூடப் போகிறேன்.