மூன்று டன் வித்தியாசம்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று எம்777 பீரங்கியைப் பற்றிப் பேசுகிறேன். வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் வகை இது. 155 மில்லிமீட்டர் விட்டமும் 45 கிலோ அளவு எடையும் உள்ள குண்டை 24 கிலோமீட்டர் தொலைவுக்கு வீசும். அமெரிக்காவிடம் இதற்கு முன்பிருந்த எம்198 பீரங்கி 7 டன்னுக்கும் மேல். எம்777 வெறும் 4.2 டன். இத்தனை நாடுகள் இதைத் தேடி வந்ததற்கு அந்த மூன்று டன்தான் காரணம் என்பேன்.

எப்படிக் குறைத்தார்கள்? நீர்மூழ்கிக் கப்பல் கட்டுவதற்குப் பேர்போன இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில், விக்கர்ஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் இந்த வேலையைத் தொடங்கியது. பின்னாளில் அது பிஏஇ சிஸ்டம்ஸ் என்ற ஆயுத நிறுவனத்தின் கைக்கு வந்தது. குழாய் எஃகுதான். அதைத் தாங்கும் சட்டங்களை டைட்டானியத்தில் செய்தார்கள். டைட்டானியத்தைப் பற்றவைப்பது லேசான காரியமில்லை. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் ஆக்சிஜனை உள்வாங்கி, பின்பு எளிதில் விரிசல் விடும். அதனால் பற்றவைக்கும் இடத்தை ஆர்கான் வாயுவால் மூடியே வேலை செய்ய வேண்டும். இந்தத் தொழில்திறமை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

சரி, எடை குறைந்துவிட்டது. சுடும்போது பின்னுதைப்பு குறையுமா? குறையாது. இலேசான பீரங்கியை அது இன்னும் எளிதாகத் தூக்கிப் புரட்டப் பார்க்கும். அதற்காகக் குழாயை முடிந்தவரை தரையை ஒட்டித் தாழ்த்தினார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு கால்கள். பின்கால்களின் நுனியில் மண்வெட்டி போன்ற தகடுகள் இருக்கின்றன. சுடச்சுட அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் பூட்டும் வளையத்தைக்கூட குழாயின் வாய்முனையிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் தனியாக ஒரு இழுவைச் சட்டம் தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

அமெரிக்க மரைன் படையில் இது 2005இல் சேர்ந்தது. கனடா ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தியது. ஆஸ்திரேலியாவும் வாங்கியது. இந்தியா 2016 நவம்பரில் 145 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது: 25 முழுதாக வந்தன, மீதி 120ஐ மஹிந்திரா நிறுவனத்தின் துணையோடு இந்தியாவிலேயே பூட்டிச் சேர்ப்பது என்று ஏற்பாடு. சாலையே இல்லாத இமயமலை முகட்டுக்குச் சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோக முடிகிறது. மலை எல்லையைக் காக்கும் ராணுவத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் குறையும் உண்டு. பீரங்கியைச் சுற்றிக் கவசம் எதுவும் இல்லை. வீரர்கள் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும். 2022இல் அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் உக்ரைனுக்கு இவற்றைக் கொடுத்தன. ட்ரோன் தலைக்கு மேல் வட்டமிடும் அந்தப் போர்க்களத்தில், சுட்டவுடன் தானே கிளம்பிப் போகும் சக்கரப் பீரங்கிக்கு உள்ள வசதி இதற்குக் கிடையாது. ஓயாமல் சுட்டதில் குழாய்களும் வேகமாகத் தேய்ந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதி ஆர்டர்கள் தீர்ந்தால் இப்படிப்பட்ட தொழிற்சாலை மெல்ல அடங்கிப்போகும். டைட்டானியம் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். பீரங்கி வாங்கும் நாடு விலையை மட்டும் பேசாமல், இருபது ஆண்டு கழித்து உதிரிபாகம் யார் செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும். எம்777 விஷயத்தில் உக்ரைன் போர்தான் மறுபடி ஆர்டரைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் அதன் முக்கியக் கட்டமைப்புப் பாகங்களைத் திரும்பவும் தயாரிக்க, அமெரிக்க ராணுவம் பிஏஇக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.