'இதர பணிகள்' என்றொரு கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். வாரத்தில் ஐந்து நாள் நான் இறையியல் கல்வியை ஆராய்கிறவன். சனி, ஞாயிறுகளில் அமெரிக்காவில் குடியேறிகள் கூடும் ஒரு சிறிய சபைக்குப் போதகர். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேட்கிறார்கள். ஒத்துப்போவதில்லை. ஒன்று மற்றதை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் போதகர்களுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். பிரசங்கத் தயாரிப்புக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம், வீடு சந்திப்புக்கு எத்தனை, நிர்வாகத்துக்கு எத்தனை என்று கட்டங்கள். கடைசியில் 'இதர பணிகள்'. அனுப்புமுன் நானே நிரப்பிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

அந்த வாரம் ஒரு குடும்பத்துக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லியிருந்தேன். வேலை போன ஒருவரோடு ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் பேசியிருந்தேன். அப்புறம் மருத்துவமனை. நான் போய்ச் சேரும்வரை ஒரு பாட்டிக்கும் டாக்டருக்கும் நடுவே மொழிபெயர்த்தது அவருடைய பத்து வயதுப் பேரன். டாக்டர் சொன்னதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீதியை நான் சொன்னேன். இதெல்லாம் எந்தக் கட்டத்தில் போகும்? எல்லாமே 'இதர பணிகள்'தான். கேள்வித்தாள் எழுதியவனுக்கே அதில் இடமில்லை!

இது இன்று நேற்று வந்த நிலைமையும் இல்லை. 1903-ல் ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த கொரியர்கள் அந்த வருடமே ஹொனலுலுவில் ஒரு சபையைத் தொடங்கிவிட்டார்கள். 1965-ன் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு ஆசியர்களின் வருகை பெருகியது, சபைகளும் பெருகின. செமினரியில், அதாவது போதகர்களைப் பயிற்றுவிக்கும் இறையியல் கல்லூரியில், போதகர் பட்டத்துக்கு வழக்கமாக மூன்று வருட முழுநேரப் படிப்பு. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துச் சபை நடத்துகிறவருக்கு அந்த மூன்று வருடம் எங்கிருந்து கிடைக்கும்?

இதை ஹிஸ்பானிய சபைகள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வழியினரின் சபைகள், சீக்கிரமே புரிந்துகொண்டன என்பது என் எண்ணம். கியூபாவில் பிறந்த திருச்சபை வரலாற்றாசிரியர் ஹுஸ்தோ கொன்சாலஸ் 1991-ல் ஹிஸ்பானிய இறையியல் கல்விக்கென ஒரு சங்கம் அமையக் காரணமாக இருந்தார். போதகர்கள் ஏற்கெனவே மாலை நேரத்தில், தங்கள் மொழியில் படித்துவந்த வேதாகமப் பள்ளிகளை அந்தச் சங்கம் மதித்தது. அவற்றின் தரத்துக்குச் சான்று வழங்கவும் முன்வந்தது. ஆள் இருக்கிற இடத்துக்குப் படிப்பு போக வேண்டும் என்ற எளிய யோசனைதான். நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்துக்கு வந்துசேரக் கொஞ்சம் நாளானது.

சரி, கேள்வித்தாளுக்கு வருகிறேன். கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டேன். மேலே ஒரே கேள்வி: 'போன வாரம் உங்கள் போன் எதற்கெல்லாம் அடித்தது?' முதலில் திரும்பி வந்த தாளில் அந்தப் பக்கம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார் ஒரு போதகர். பிரசங்கம் என்ற சொல் அதில் ஒரே ஒரு முறை வந்திருந்தது, அதுவும் தயாரிக்க நேரம் கிடைக்கவில்லை என்று.