பத்மினிக்கு டிஸ்க் பிரேக் போடலாமா? கரூர் நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். கார்புரேட்டரைக் கழுவுவது பற்றிச் சென்ற முறை பேசிய பிறகு வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாட்களாக என் மனத்தை விட்டுப் போகவில்லை. கரூரிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார், அப்படியே படித்துவிடுகிறேன். "ஐயா, அப்பா வைத்திருந்த 1974ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் உட்கார வைத்து ஓட்ட ஆசை. பாதுகாப்புக்காக முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், எல்.இ.டி. ஹெட்லைட், சீட் பெல்ட் மூன்றும் போடலாம் என்றிருக்கிறேன். எதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம்?"

அப்பாவின் வண்டியை விற்காமல் வைத்துக்கொண்டாரே என்பது எனக்கு மகிழ்ச்சி. உறுத்தியது வேறொன்று. டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்கிறவர், இப்போது வண்டியில் இருக்கும் பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தொடர்ந்து பார்ப்பவர்கள் நான் எங்கே வருகிறேன் என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். பழைய காரில் இரும்பைப் பார்ப்பதற்கு முன் ரப்பரைப் பாருங்கள் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது; இன்றும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக்கை வீட்டில் போடாதீர்கள். பத்மினியின் அடிப்படை, இத்தாலியில் 1953இல் வந்த ஃபியட் 1100. நம் நாட்டில் 1964இல் ஃபியட் 1100 டிலைட்டாகவும், 1972இல் பிரீமியர் பிரசிடென்டாகவும் ஓடி, 1974இல்தான் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. 1089 சி.சி. இன்ஜின், 40 குதிரைத்திறன் அளவு, 900 கிலோவை ஒட்டிய எடை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்ற கணக்கில் அமைந்த வண்டி அது. வேறொரு காரின் டிஸ்க்கையும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் இதில் மாட்ட வேண்டுமானால், சக்கரம் மாட்டும் ஹப்பைக் கடைசலில் கொடுக்க வேண்டும், பிராக்கெட் செய்ய வேண்டும், ரிம் காலிப்பரில் உரசாமல் பார்க்க வேண்டும். டிரம்முக்காக அமைந்த பிரேக் லைனில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு இருக்குமானால், அதை எடுக்காமல் டிஸ்க் போட்டவருக்கு பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பிரேக் விகிதம் மாறிவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், இது ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட்டிகோவில் செய்யும் வேலை அன்று. ஒழுங்காக இருக்கும் டிரம் பிரேக், இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் போதுமானது.

"ஒழுங்காக இருக்கும்" என்று சொன்னேன் அல்லவா? நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது: இந்த வண்டியில் இருக்கும் ரப்பருக்கு என்ன வயது?

இரும்புக்கு வயதானால் துரு பிடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் டிங்கர் வேலை செய்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்துவிடுகிறோம். ரப்பர் உள்ளிருந்தும் கெடுவதால், வெளியே கறுப்பாகப் பளபளத்துக்கொண்டே இருக்கும் ஒரு ஹோஸ் உள்ளே செத்துப்போயிருக்கலாம். என் வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சேலம் அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். இடது முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசனை; ரிம்மில் கை வைக்க முடியவில்லை. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவை இறுக்கமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று தளர்த்தினேன். வீடு வருவதற்குள் மீண்டும் அதே வாசனை. மறுநாள் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தால் சக்கரம் கையால் சுற்றவில்லை. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கத்து இணைப்பைத் தளர்த்தினேன், அப்போதும் சுற்றவில்லை. சக்கரத்தின் அருகே உள்ள காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தேன்; பிரேக் ஆயில் பீய்ச்சியடித்தது, சக்கரம் உடனே விடுபட்டது. அப்படியென்றால் அழுத்தம் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில், ஹோஸுக்குள்தான் சிக்கிக் கிடந்திருக்கிறது. கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது, உள்பக்க ரப்பர் வீங்கி, காபி கலக்கும் குச்சி நுழையும் அளவுக்குக்கூடத் துவாரம் இல்லை. நான் காலால் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும். ஷூவின் ஸ்பிரிங்குக்கு அதைத் திருப்பி அனுப்பும் வலு போதாது. வெளியில் பார்த்தால் அந்த ஹோஸ் புத்தம் புதிது போலத்தான் இருந்தது.

ஆகவே கரூர் நேயர் முதலில் செய்ய வேண்டியது, பிரேக் ஹோஸ் அனைத்தையும், சக்கரங்களில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் ரப்பர் கப்புகளையும், மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் ஒரே சமயத்தில் மாற்றுவது. இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன்தான். எந்த மூலையில் ஆயில் ஒழுகினாலும் நான்கும் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால், முன்னும் பின்னும் தனித்தனி லைன் வரும்படி இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்த முடியுமா என்று அனுபவமுள்ள பட்டறையில் கேளுங்கள். அது நியாயமான செலவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்னையில் ஜி.பி. சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடினால், பாக்கெட் பிரிக்காத, கம்பெனி முத்திரையோடு கூடிய அந்தக் காலத்து ஹோஸ் கிடைக்கும்; நம்மில் பலருக்கு அதைப் பார்த்தால் புதையல் கிடைத்த மகிழ்ச்சி வந்துவிடும். கதவுக் கைப்பிடி, லைட்டுக் கண்ணாடி போன்றவற்றை அப்படித் தாராளமாக வாங்குங்கள். ரப்பரை மட்டும் அப்படி வாங்காதீர்கள். தன்னை யாரும் இன்னும் பிரிக்கவில்லை என்பது ரப்பருக்குத் தெரியாது. பாக்கெட்டுக்குள்ளேயே அதற்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பழைய மாதிரியைக் கையில் கொண்டுபோய், அதே நீளம், அதே மரை உள்ள புதிய ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 பாகைதான். மலையிறக்கத்தில் டிரம் காயும்போது ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் பஞ்சு போலத் தரை வரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில், நமக்கு அது பின்பக்க இடது சக்கரம், காற்று எடுக்கத் தொடங்குங்கள். வீட்டில் ஒருவர் பெடலை மிதிக்க, நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் குழாய் வழியாகக் குமிழி நிற்கும் வரை பாருங்கள். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏர் வைத்தோ ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

இவ்வளவு வேலைக்கும் வண்டியைத் தூக்கியாக வேண்டும். காரோடு வந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, ஒரு முறை நன்றாக அசைத்துப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தியிருக்கும் படத்தை ஒருவர் பெருமையாக எனக்கு அனுப்பியிருந்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கல் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் நொறுங்கும்.

அடுத்த ரப்பர், பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஹோஸும் கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வும் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, மரை சுற்றும் கிளிப்பை விட்டுவிட்டு, சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் கிளிப்பைப் போடுங்கள். வண்டியில் ஒரு சிறிய தீயணைப்பான் வைக்க வேண்டுமானால் டிக்கியில் வைக்காதீர்கள். ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டயரும் ரப்பர்தான். அதன் வயதைத் தெரிந்துகொள்ள, பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது. பத்மினியின் ஸ்டெப்னியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பட்டன் தேயாமல் புதிதாக இருக்கும், ஆனால் அதை நம்பி நெடுஞ்சாலையில் பஞ்சருக்கு மாட்டினால் சில கிலோமீட்டரிலேயே கிழிந்துவிடலாம்.

இனி ஹெட்லைட். எல்.இ.டி. பல்பு வாங்குவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். நண்பர் ஒருவர் தம் வண்டியில் வெளிச்சமே இல்லை என்று மூன்று விதமான பல்பு மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பின் முனையில் 11.4. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்பதால், அவர் பாதி வெளிச்சத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிதாகப் பெயின்ட் அடித்தபோது எர்த் வயரின் வளையத்துக்கு அடியிலும் அடித்துவிட்டிருந்தார்கள். உப்புத்தாள் வைத்துச் சுரண்டி மாட்டியதும் ஒரு வோல்ட் திரும்ப வந்தது. மீதி, ஐம்பது வருடத்துச் சுவிட்சிலும் வயரிலும் கரைந்துகொண்டிருந்தது. அதற்கு ரிலேதான் மருந்து, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்: பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30 என்ற முனைக்கும், 87இலிருந்து விளக்குக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பழைய சுவிட்ச் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. 60/55 வாட் பல்பிலேயே சாலை தெளிவாகத் தெரியும். எல்.இ.டி. வேண்டாம் என்பதற்குக் காரணம், அந்த ரிஃப்ளெக்டர் மெல்லிய இழை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது, எல்.இ.டி. சில்லு அதே இடத்தில் அமையாவிட்டால் உங்களுக்கு வெளிச்சம் சிதறும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். பிரேக் லைட்டில் நல்ல எல்.இ.டி. பல்பு போடுங்கள், பின் கண்ணாடிக்குள் மேலே ஒரு பிரேக் லைட்டும் வையுங்கள்; நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியட்டும். அப்படியே ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பாருங்கள். எரிந்த ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி வைத்திருந்தால், அது பெரும்பாலும் அப்பா காலத்து அவசர வைத்தியமாக இருக்கும். தாளை எடுத்துவிட்டுச் சரியான ஆம்பியர் போடுங்கள். எந்த வயரிலும் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

சீட் பெல்ட் அவசியம் போட வேண்டும்; வால்வோவில் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டை 1959இலேயே கொண்டுவந்துவிட்டார், நம் வண்டிக்குத்தான் அது வந்து சேரவில்லை. வெறும் தகட்டில் ஸ்க்ரூ வைத்து முடுக்கினால் மோதலில் தகட்டோடு பெயர்ந்து வந்துவிடும். பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட், தகட்டுக்கு மறுபுறம் கனமான தாங்கு பிளேட் இரண்டும் வேண்டும். அதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்கி, தரைத் தகட்டிலும் கதவுக்கு நடுவே உள்ள தூணின் அடியிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் முடிந்த பிறகுதான் பெல்ட். குழந்தைகள் பின்சீட்டில் உட்காரட்டும். அங்கும் பெல்ட் போடுங்கள்.

பதிவெண் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று வி.ஏ. வரிசையில் பதியலாம். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்க முடியும். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உலாதான் உங்கள் ஆசை என்பதால், இருக்கும் ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்வது உங்களுக்குப் பொருத்தம்.

தம்பி, ஐந்து டயரின் கடைசி இலக்கங்களையும், முன்சக்கர ஹோஸின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். ஹோஸை வளைத்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக வைத்து எடுத்தால் வெடிப்பு தெரியாது. அதைப் பார்த்த பிறகு அடுத்த பதிவில் பேசுகிறேன்.