கூலியா, ஈவா?

(சீர்திருத்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைப் பற்றிப் பேசும்படி நம் போதகர் ஐயர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு பனையோலைப் பெட்டி இருந்தது. உலையில் அரிசி போடும் முன்னால் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்து அந்தப் பெட்டியில் போடுவார்கள். கோயிலுக்குப் பிடியரிசி. உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டில் அரிசி தட்டிப்போன மாதங்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. அம்மாவுக்குக் கை சின்னது. 'இது ஒரு பிடி ஆகுமா' என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தரம் அள்ளிப் போடுவார்கள். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. சங்கக் காணிக்கை, கோயில் விருந்தான அசனத்துக்குக் கொடுத்தது, ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கொடுத்த சேவல் வரைக்கும் தேதி போட்டு எழுதியிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

அந்த அம்மா கடைசியாகப் படுத்துக் கிடந்தபோது ஒரு ராத்திரி என்னைக் கூப்பிட்டார்கள். மணி இரண்டு இருக்கும். "ஏல, நான் செஞ்சதெல்லாம் போதுமா?" என்று கேட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க செய்யாததாம்மா? போதும், போதும். நிம்மதியாத் தூங்குங்க" என்றேன். எந்த மகனும் அதைத்தான் சொல்லுவான். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தூங்கவில்லை. நான் சொன்னது தப்பான பதில். அது எனக்குப் புரிய நாளாயிற்று. இன்றைக்கு உங்கள் முன்னால் நான் பேச வந்திருப்பதே அந்தப் பதிலைத் திருத்தத்தான்.

எபேசியர் இரண்டாம் அதிகாரம் எட்டாம், ஒன்பதாம் வசனங்கள் நம் எல்லாருக்கும் மனப்பாடம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." கிருபை என்றால் தகுதி பார்க்காமல் தேவன் காட்டுகிற தயவு, கிரியை என்றால் நாம் செய்கிற காரியம். அம்மாவே எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அவர்களிடம்தான் படித்தேன். வாயில் இருந்த வசனம் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சில் இல்லை. இது அம்மாவின் குறை என்று நான் நினைக்கவில்லை. கிருபையை நம்புவது மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டம்.

அந்த வசனத்தில் 'ஈவு' என்று ஒரு சொல் இருக்கிறது. வகுத்தல் கணக்கில் வருகிற ஈவு இல்லை, இது கொடை. தமிழில் பொருள் கேட்பதற்கு மூன்று சொற்கள் உண்டு: ஈ, தா, கொடு. யார் யாரிடம் எந்தச் சொல்லால் கேட்க வேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. உயர்ந்தவன் தனக்குக் கீழே இருப்பவனிடம் கேட்டால் 'கொடு'. சரிசமமானவனிடம் கேட்டால் 'தா'. தாழ்ந்தவன் தன்னைவிட உயர்ந்தவனிடம் கையேந்திக் கேட்டால் 'ஈ'. அந்த 'ஈ'-யிலிருந்து வந்ததுதான் ஈவு. நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, எபேசியரில் சொல் சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. 'கொடு' என்று அதிகாரமாகக் கேட்க நமக்குத் தகுதி இல்லை. 'தா' என்று உரிமையோடு கேட்கவும் இடம் இல்லை. மிஞ்சியிருப்பது 'ஈ' ஒன்றுதான்.

இப்போது லூத்தரிடம் வருவோம். 1505-ஆம் வருஷம், ஜூலை 2. ஜெர்மனியில் எர்ஃபுர்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊர். சட்டம் படிக்கிற 21 வயதுப் பையன் வீட்டிலிருந்து நடந்து வருகிறான். பெரிய இடிமழை. பக்கத்திலேயே மின்னல் விழுகிறது. பயத்தில் அவன் "பரிசுத்த அன்னாளே, காப்பாற்றும், நான் துறவியாகிறேன்!" என்று கத்துகிறான். அவன் அப்பா செம்புச் சுரங்கத் தொழில் செய்தவர். இயேசுவின் தாய் மரியாளுடைய அம்மா என்று சொல்லப்படுகிற இந்த அன்னாள் சுரங்கக்காரர்களின் பாதுகாவலி. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தில் அந்தப் பெயர்தான் வரும். நம் பாஷையில் இது ஒரு பொருத்தனை. 'என்னைக் காப்பாற்றினால் நான் இதைச் செய்கிறேன்.' இரண்டு வாரத்தில் அகஸ்டீன் சபை மடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

செய்ய வேண்டியது அத்தனையும் செய்தார் லூத்தர். உபவாசம், ராத்திரி விழிப்பு, போர்வை இல்லாமல் குளிரில் படுப்பது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார். முடித்துவிட்டு எழுந்து போனவர், ஒன்றை விட்டுவிட்டேன் என்று திரும்பி வருவார். அவருடைய மேலதிகாரி ஷ்டவுப்பிட்ஸ் நல்ல மனுஷர், அவரே சலித்துப்போனார். ஒரு துறவி தன் தவத்தால் மோட்சம் போக முடியுமானால் நான் போயிருப்பேன் என்று லூத்தர் பின்னாளில் சொன்னார். வீம்புக்குச் சொன்னது இல்லை. கணக்கு எழுதி எழுதிப் பார்த்தும் தேறாத மனுஷன் சொன்னது.

மடத்து வேலையாக ரோமாபுரிக்குப் போனார். அங்கே பரிசுத்த படிக்கட்டு என்று ஒன்று உண்டு. 28 படிகள். பிலாத்துவின் அரண்மனையில் இயேசு ஏறிய படிகள் என்பது நம்பிக்கை. முழங்காலில் ஏறி, படிக்கு ஒரு பரமண்டல ஜெபம் சொன்னால் உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன்னால் சுத்திகரிக்கப்படுவதாகச் சொல்லப்படும் இடத்தில், இருக்கும் ஓர் ஆத்துமாவுக்கு விடுதலை. லூத்தர் தன் தாத்தாவுக்காக ஏறினார். உச்சிப்படிக்கு வந்ததும் அவர் மனசில் ஒரு கேள்வி: 'இது மெய்தானா, யாருக்குத் தெரியும்?'

அந்த உச்சிப்படியையும் என் அம்மாவின் கட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான். செய்தாயிற்று, போதுமா? செய்த கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எவ்வளவு அள்ளினாலும், இது ஒரு பிடி ஆகுமா என்ற சந்தேகம் கூடவே வரும்.

1512-இல் விட்டன்பர்க்கில் வேதாகமப் பேராசிரியர் ஆனார். சங்கீதங்கள், ரோமர், கலாத்தியர் என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்தினார். ரோமர் 1:17-இல் 'தேவநீதி' என்ற சொல் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. தேவன் நீதியுள்ளவர் என்றால் பாவியைத் தண்டிப்பவர் என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லையே வெறுத்தேன் என்று 1545-இல் எழுதுகிறார். ராப்பகலாக யோசித்து, பின்னால் வருகிற வரியைச் சேர்த்து வாசித்தார்: "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்." தேவநீதி என்பது தேவன் நம்மிடம் வசூலிக்கிற நீதி இல்லை, நமக்குக் கொடுக்கிற நீதி என்று பிடிபட்டது. பரதீசின் வாசல் திறந்து உள்ளே போனதுபோல் இருந்தது என்கிறார்.

காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டு, அதை எதிர்த்து 1517 அக்டோபர் 31-இல் லூத்தர் வெளியிட்ட 95 வாக்கியங்கள், இதெல்லாம் வருஷா வருஷம் கேட்கிற கதை. விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விட முடியாது. இந்த நாளில் கத்தோலிக்கச் சகோதரர்களைக் குறைசொல்லிப் பேசுகிற பழக்கம் நம் மேடைகளில் உண்டு. அது சரியில்லை. 1999-ஆம் ஆண்டு இதே அக்டோபர் 31-ஆம் தேதி, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பேரும் சேர்ந்தே அறிக்கையிட்டார்கள். வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஆனால் கணக்கு நோட்டு அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை, நம் வீட்டிலும் இருக்கிறது. அதைப் பேசுவோம்.

எபேசியர், ரோமர் நிருபங்களை எழுதிய பவுல் இதைக் கூலி என்ற ஒரு சொல்லில் பிடித்துவிடுகிறார். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." ரோமர் 4:4. வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்குச் சாயங்காலம் கூலி கொடுக்கிறவர், 'உனக்கு இரக்கம் காட்டினேன்' என்று சொல்ல முடியுமா? கூலி அவளுக்கு வர வேண்டிய பாக்கி. இரட்சிப்பு கூலி என்றால் தேவன் நமக்குக் கடன்காரர் ஆகிவிடுகிறார். பவுலால் அதைத் தாங்க முடியவில்லை. கூலி என்ற பேச்சே வேண்டுமென்றால் நமக்கு வர வேண்டியது என்ன என்பதையும் அவரே எழுதிவிட்டார்: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்தியஜீவன்." சம்பளம் ஒரு பக்கம், வரம் ஒரு பக்கம்.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்கும் புதிது இல்லை. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது, பக்தன் இதில் எந்தக் குட்டி என்று ஸ்ரீவைஷ்ணவப் பெரியவர்கள் தலைமுறைகளாக வாதித்திருக்கிறார்கள். ஆழமான வாதம், மரியாதையோடு கேட்க வேண்டியது. பவுல் சொல்லுவது பூனைக்குட்டிக்குப் பக்கம்தான். ஆனால் அவர் இன்னும் ஓர் அடி போகிறார். நாம் பலவீனமான குட்டிகள் மட்டும் இல்லை. "நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில்" என்கிறார். கவ்வ வருகிற கையைக் கடிக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகக் கிறிஸ்து மரித்தார்.

சரி, அப்படியானால் நல்ல காரியம் செய்ய வேண்டாமா? யாக்கோபு, "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது" என்கிறாரே? நியாயமான கேள்வி. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பவுல் ஆதியாகமம் 15-க்குப் போகிறார். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் வரவில்லை, அது 17-ஆம் அதிகாரம். யாக்கோபு 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலைக்கு. நடுவில் எத்தனையோ வருஷம். முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்டான், அப்புறம் மலை ஏறினான். ஏறினதால் ஏற்றுக்கொள்ளப்பட்டவன் இல்லை. பவுலும் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தவில்லை, பத்தாம் வசனத்தில் "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்கிற மகள் குடத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பதில்லை. அது அவள் வீடு.

ஆனால் வீட்டில் இருந்துகொண்டே கூலிக்காரனாக வாழ்ந்த ஒருவன் உண்டு. லூக்கா 15-இல் மூத்த மகன். சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்து, தகப்பன் விருந்து வைத்த இளையவனைப் பற்றியே நாம் பிரசங்கம் கேட்கிறோம். எனக்கு மூத்தவனை நினைத்தால்தான் துக்கம். அவன் பேசுகிறதைக் கேளுங்கள்: "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து..." வருஷக்கணக்கு வைத்திருக்கிறான். "ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை." வராத பாக்கியையும் எழுதி வைத்திருக்கிறான். உள்ளே மேளமும் நடனமும் நடக்கிறது, இவன் வெளியே நிற்கிறான். தகப்பன் இவனுக்காகவும் எழுந்து வெளியே வருகிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். இளையவன் பாவத்தால் தூரம் போனான். மூத்தவன் தன் உழைப்பாலேயே தூரம் போனான். அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

நம் சபைகளில் மூத்த பிள்ளைகள் நிறைய. நானும் ஒருவன். 'தசமபாகம் தவறவில்லையே, என் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்கிறோம். வியாதி வந்தவரிடம் 'எங்கேயோ குறை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்' என்று சொல்லிவிட்டு ஜெபம் பண்ணுகிறோம். புதிதாக வந்தவர், குடியை விட்டுவிட்டு வந்தவர், திருவிருந்து வாங்க முன்னே வந்தால் திரும்பிப் பார்க்கிறோம். அவருக்கும் நமக்கும் அந்த மேசையில் ஒரே துண்டு அப்பம்தானே. நம்முடையது கூலி இல்லை, அவருடையதும் தர்மம் இல்லை.

1546 பிப்ரவரியில், தான் பிறந்த ஐஸ்லேபன் ஊரிலேயே லூத்தர் படுத்தார். 18-ஆம் தேதி இறந்தார். இரண்டு நாளுக்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார். வேதத்தை முழுக்க ருசித்துவிட்டேன் என்று ஒருவனும் நினைக்க வேண்டாம் என்று அதில் லத்தீனில் எழுதியிருக்கிறது. கடைசி வரியில் மட்டும் தன் தாய்மொழிக்கு வந்து "நாங்கள் பிச்சைக்காரர்கள்" என்று எழுதி, மறுபடியும் லத்தீனில் "இது மெய்" என்று முடித்திருக்கிறார். பேராசிரியர், வேதத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர், பேரரசன் முன்னால் நின்றவர். கடைசியில் அவரிடமிருந்து வந்ததும் அந்த 'ஈ' என்கிற சொல்தான்.

அம்மா என்னிடம் கேட்டதற்கு நாலு நாள் கழித்து ஐயர் அவர்கள் வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீங்க செஞ்சது போதாது. யார் செஞ்சதும் போதாது. அவர் செஞ்சது போதும்" என்றேன். பேச முடியாத நிலைமை. கண்ணை மூடித் திறந்தார்கள். எபேசியர் வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "தேவனுடைய ஈவு" என்று வரும்போது அவர்கள் உதடும் கூட அசைந்தது.

திருவிருந்தில் நாம் வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து ஏந்துவோம் இல்லையா, அம்மா அதற்குக் கையைத் தூக்கப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷம் பிடியரிசி அள்ளிய கை போர்வையிலிருந்து இரண்டு அங்குலம் எழும்பி, திரும்பவும் விழுந்துவிட்டது. இன்னொரு தரம் முயன்றார்கள். ஐயர் குனிந்து, "வேண்டாம்மா, கை வேண்டாம்" என்று சொல்லி, அப்பத்தை ரசத்தில் தொட்டார்கள். அம்மா வாயைத் திறந்தார்கள்.