பிரிந்த பிறகும் வந்த வங்கிக் கடிதங்கள்

வணக்கம். எட்டு வருடத்துக்கு முன்பு நான் கணவரைப் பிரிந்து பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டுக்கு வந்தபோது, எடுத்து வந்தது பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் நகை, நாலு புடவை, அவ்வளவுதான். வீட்டுக் கடன் பத்திரங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் அலமாரி மேலேயே இருந்துவிட்டன. அதில் என் கையெழுத்தும் இருக்கிறதே என்று அப்போது தோன்றவே இல்லை. வீட்டில் அவர்தான் இருக்கிறார், அவரே கட்டுவார் என்று விட்டுவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து கீழ்வீட்டு அக்கா போன் செய்தார். "உன் பேருக்கு ஒரு கட்டு லெட்டர் வந்து கெடக்குதும்மா, ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கேன்." வாங்கிக்கொண்டு ஃபெர்ரியில் திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பிரித்தேன். முதலில் நினைவூட்டல், அப்புறம் லாயர் நோட்டீஸ், அடியில் ஏல அறிவிப்பு. கடைசி உறையைப் பிரிக்கக் கை வரவில்லை, கரை வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

வீடு ஏலத்தில் போனது. போன பிறகும் 38,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி. பாதியை நான் கட்டுகிறேன், மீதியை அவரிடம் கேளுங்கள் என்று வங்கியில் போய்ச் சொன்னேன். அப்படிப் பிரிக்க முடியாதாம். இருவரும் கையெழுத்துப் போட்ட கடனில் முழுப் பாக்கியையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. இதை எனக்கு யாருமே சொல்லவில்லை, அதனால்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76-ஆவது பிரிவின்படி, சொத்தைப் பிரிக்கும்போது இருவரின் நன்மைக்காக வாங்கிய கடனையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். நல்லதுதான். ஆனால் வீட்டுக் கடனை அவர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தாலும், அந்தத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் நடுவில்தான். வங்கியோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கும். அவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடமும் வரும். இதிலிருந்து தப்ப, வீட்டை விற்றுக் கடனை முடிக்க வேண்டும், இல்லை என்றால் வங்கி சம்மதத்தோடு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும்.

திவால் என்றாலே பயப்படுகிறோம். 2021 செப்டம்பரிலிருந்து ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காக ஒருவரைத் திவாலாக்கச் சொல்லி மனு போட முடியாது. அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அதற்குக் கீழே இருந்தாலும் வழக்குப் போடலாம், ஏலம் விடலாம். திவால் நோட்டீஸ் கையில் கிடைத்தால் 7 நாள்தான் அவகாசம், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்க நேரமில்லை. திவாலாகிவிட்டால் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது, கூட்டுச் சொத்தில் உங்கள் பங்கு திவால் துறையின் கைக்குப் போய்விடும்.

கணவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அக்காமார்களே, தங்கையரே, இதைக் கவனியுங்கள். திவால் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருக்கும் வீட்டுக்கோ சொந்த உபயோகத்துக்கான காருக்கோ படிப்புக்கோ லாப நோக்கமில்லாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. வியாபாரக் கடனுக்கு நின்றிருந்தால் கதை வேறு. அதில் கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் பார்த்து முடிந்த பிறகு, நீதிமன்ற அனுமதியோடு உங்களிடம் வரலாம்.

நான் பிழைத்தது ஏகேபிகே (AKPK) என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தால்தான். நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அதைத் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. அங்கே இருந்த தம்பி என் சம்பளச் சீட்டைப் பார்த்து, பிள்ளைகளின் பள்ளி பஸ் காசு வரைக்கும் கணக்கில் எழுதி, மாதம் இவ்வளவு என்று வங்கியோடு பேசி முடித்தார். வழக்கு முற்றும் முன்பே போங்கள். போவதற்கு முன் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் (CCRIS) என்ற கடன் விவர அறிக்கையை எடுத்துவிடுங்கள், அதற்கும் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் எந்த வங்கியில் எந்தக் கடன் ஓடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். கூட்டுக் கணக்கு, துணை கிரெடிட் கார்டு, இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் வாரிசாக எழுதிக் கொடுத்த பெயர், இவற்றையும் பாருங்கள்.

வீட்டை விட்டு வந்த வாரமே உங்கள் புது முகவரியை வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.