வயிறு உப்பிய கடல்குதிரை ஆண்தான்

வணக்கம் மக்களே! காசிமேட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் லாஞ்சு சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கழிசல் மீன் குவியலில் எப்போதாவது ஒரு கடல்குதிரை கிடக்கும். அடிவயிறு உப்பியிருந்தால் அது ஆண். வயிற்றில் குட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம்.

பெட்டை தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட்டுவிடும். கருவுறுவது அந்தப் பைக்குள்தான். பையின் சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்கள் மூலம் கருக்களுக்கு ஆக்சிஜன் போகும். பைக்குள் இருக்கும் நீரின் உப்பும் மெல்ல மெல்ல கடல்நீர் அளவுக்கு மாறும். வெளியே வரும் குட்டி தடுமாறக் கூடாது அல்லவா? எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். பல இனங்களில் பெட்டையும் தினமும் காலையில் வந்து ஆணைப் பார்க்கும். இரண்டும் நிறம் மாறி, ஒரே புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு ஆடும்.

இனத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து, சில வாரங்களில் ஆண் உடம்பை வளைத்து வளைத்துக் குட்டிகளை வெளியே தள்ளும். பெரிய இனங்களில் ஒரே பேற்றில் நூற்றுக்கணக்கில் வரும். ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்தான். அப்புறம் அப்பாவும் பார்க்காது, அம்மாவும் பார்க்காது. குட்டிகள் நீரோட்டத்தில் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களைத் தின்று வளரும். கடல்குதிரைக்கு இரைப்பையே கிடையாது, அதனால் தின்றுகொண்டே இருக்க வேண்டும். பிழைத்துப் பெரிதாவது மிகச் சிலதான். அந்தச் சிலதுக்கும் வாலைச் சுற்றிப் பிடிக்க ஏதாவது வேண்டும். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் அந்தப் பிடிப்பைக் கொடுப்பது கடற்புல். கடலடியில் இழுக்கும் மடிவலை அந்தப் புல்லையும் பிய்த்துவிடுகிறது, குதிரையையும் அள்ளிவிடுகிறது. சினையோடு இருக்கும் ஓர் ஆண் வலையில் ஏறினால் ஒரு பேறு முழுவதும் போய்விடும். தனியாக நிற்கும் பெட்டை வேறு ஜோடி தேட வேண்டும். இது வேகமாக நீந்தத் தெரியாத மீன், அதனால் வேறு ஜோடி சுலபமாகக் கிடைக்காது.

2001 முதல் கடல்குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் காயவைத்து விற்பதும் குற்றம். ஃபைபர் போட்டில் போகும் அண்ணன்களே, உங்கள் வலையில் உயிரோடு ஏறினால் கரைக்குக் கொண்டுவர வேண்டாம், ஏறிய இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆக அது பிழைக்காது.