லண்டன்ல போட்டா செல்லும், சென்னையில போட்டா செல்லாதா? கோவிஷீல்டு பயணக் குழப்பம், முழு விளக்கம்

புனேவுல சீரம் இன்ஸ்டிட்யூட் தொழிற்சாலை. அங்க தயாரான கொரோனா தடுப்பூசி மருந்தை லண்டன்ல ஒருத்தருக்கு ரெண்டு டோஸ் போட்டா, பிரிட்டன் கணக்குல அவர் தடுப்பூசி முழுசா போட்டவர். அதே தொழிற்சாலை மருந்தை சைதாப்பேட்டையில ஒருத்தர் ரெண்டு டோஸ் போட்டுட்டு லண்டன்ல போய் இறங்கினா, அவர் ஊசியே போடாதவர்! 10 நாள் தனிமை, 2ஆம் நாளும் 8ஆம் நாளும் சொந்தக் காசுல டெஸ்ட். 2021 செப்டம்பர்ல பிரிட்டன் அறிவிச்ச விதி இதுதான்.

எப்படி இப்படி ஆச்சு? வணக்கம் மக்களே, வாங்க பார்த்துடுவோம்.

பின்னணி சுருக்கமா: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனிகாவும் உருவாக்கின தடுப்பூசி. ஐரோப்பாவுல அதுக்குப் பேர் வாக்ஸ்செவ்ரியா, இந்தியாவுல கோவிஷீல்டு. உலக சுகாதார நிறுவனம் 2021 பிப்ரவரி 15 அன்னைக்கே கோவிஷீல்டுக்கு அவசரகால ஒப்புதல் கொடுத்துடுச்சு. அவ்வளவுதான் பின்னணி.

(திரையில்: ஒரு மருந்துக் குப்பியின் லேபிள், பேட்ச் எண் மட்டும் பெரிதாக)

இப்ப இந்த எண்ணைப் பாருங்க. 4120-இசட்-001. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. புனேவுல இருந்து சுமார் 50 லட்சம் டோஸ் பிரிட்டனுக்கே போச்சு. பேட்ச் எண் 001, 002, 003. பிரிட்டிஷ் மக்களுக்கே போட்டாங்க. 2021 ஜூலையில மான்செஸ்டர்ல இருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கிற மால்டாவுக்குச் சுற்றுலா கிளம்பின ஒரு தம்பதியை விமானத்துல ஏத்தல. காரணம், அவங்க சான்றிதழ்ல இருந்த பேட்ச் எண்! ஐரோப்பிய மருந்து முகமை ஒரு தடுப்பூசிக்கு ஒப்புதல் தரும்போது, அது தயாராகுற தொழிற்சாலையையும் சேர்த்துத்தான் ஒப்புதல் தரும். உயிரியல் மருந்துல தயாரிப்பு முறை கொஞ்சம் மாறினாலும் தரம் மாறலாம்கிறது அவங்க வாதம். புனே தொழிற்சாலைக்கு அப்ப அந்த ஒப்புதல் இல்ல. அதனால பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வெச்சிருந்தும், பிரிட்டன்லயே ஊசி போட்டிருந்தும் அன்னைக்குப் பயணம் நின்னுபோச்சு. யோசிச்சுப் பாருங்க, தன் கையில போனது எந்த பேட்ச்னு எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?

சரி, செப்டம்பருக்கு வருவோம். எதிர்ப்பு கிளம்பினதும் 22ஆம் தேதி பிரிட்டன் பட்டியலைத் திருத்துச்சு. கோவிஷீல்டு செல்லும். ஆனா இந்தியாவுல போட்டவங்களுக்குத் தனிமை தொடரும். ஏன்? மருந்தை ஏத்துக்கிட்டாங்க, சான்றிதழை ஏத்துக்கல. கோவின்கிற இந்திய அரசுத் தடுப்பூசி இணையதளம் தந்த சான்றிதழ்ல வயசு மட்டும்தான் இருந்துச்சு, முழு பிறந்த தேதி இல்ல. பாஸ்போர்ட்டோட ஒப்பிட அதிகாரிக்குத் தேதி வேணும். கோவின்ல வெளிநாட்டுப் பயணத்துக்குன்னு தனிச் சான்றிதழ் வந்துச்சு. ஆண்டு, மாதம், நாள் வரிசையில பிறந்த தேதியோட. அதுக்குள்ள அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ்காரங்களுக்கு இந்தியாவும் 10 நாள் தனிமை போட்டுச்சு. அக்டோபர் 11 அன்னைக்கு பிரிட்டன் இறங்கி வந்துச்சு, ரெண்டு நாள்ல இந்தியாவும் விட்டுடுச்சு. கோவாக்சின் போட்டவங்க இன்னும் பாவம். நவம்பர் 3 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தபிறகும், பிரிட்டன் கதவு திறக்க நவம்பர் 22 ஆச்சு.

இப்ப நம்ம ஊருக்கே உரிய சிக்கல். இனிஷியல்! ஆதார்ல ‘ஆர் முத்துக்குமார்’. ஊசி போடுற இடத்துல ஆதாரைக் காட்டினா சான்றிதழ்லயும் அதேதான் வரும். பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு எழுதணும், அதனால அங்க ‘முத்துக்குமார் ராஜேந்திரன்’. தமிழ்நாட்டுக்காரருக்கு ரெண்டும் ஒரே ஆள். விமான நிலைய கவுன்டர்ல இருக்கிறவருக்கு ரெண்டு வெவ்வேற ஆள். கோவின்ல ‘ரெய்ஸ் அன் இஷ்யூ’ பகுதிக்குள்ள போய், பாஸ்போர்ட் எண் சேர்க்குற வசதியைத் தேர்ந்தெடுத்து, ஆளைக் குறிச்சு, எண்ணைப் போட்டா சான்றிதழ்ல எண் ஏறிடும், அப்ப இருந்த வசதி இது. பேர் ஒத்துப்போகலைன்னா திருத்தம் தனியா கேட்க வேண்டியிருந்துச்சு, அதுவும் ஒரே தடவைதான். அவசரத்துல எழுத்துப்பிழை விட்டவங்க மாட்டிக்கிட்டாங்க. பதிவு பண்ணும்போதே அடையாள அட்டையா பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம்கிறது பலருக்குத் தெரியாமலே போச்சு. இதை அப்பவே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கணும்.

நாள் கணக்கும் அப்ப நாட்டுக்கு நாடு வேறயா இருந்துச்சு. கடைசி டோஸுக்கு அப்புறம் 14 நாள்னு சொன்ன பிரிட்டன், ஊசி போட்ட நாளை அதுல சேர்க்கல. டெஸ்ட்டுக்கு 72 மணி நேரம்னு சொன்னா, எந்த நேரத்துல இருந்துன்னு கேட்டிருக்கணும். ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்துல இருந்து எண்ணினவங்கதான் நிறைய மாட்டினாங்க. பெரும்பாலும் எண்ண வேண்டியிருந்தது, டெஸ்ட்டுக்கு சளி மாதிரியை எடுத்த நேரத்துல இருந்து. அமெரிக்கா 2021 டிசம்பர்ல மணிக்கணக்கையே விட்டுட்டு, கிளம்புறதுக்கு முந்தின நாள் எடுத்தா போதும்னு வெச்சுச்சு. வெள்ளிக்கிழமை எந்த நேரத்து விமானமா இருந்தாலும் வியாழக்கிழமை எப்ப எடுத்தாலும் சரி. எல்லா நாடும் இப்படி வெச்சிருந்தா எவ்வளவு நிம்மதி!

முடிவு பண்றது யாரு தெரியுமா? முதல்ல செக்-இன் கவுன்டர். அங்க இருக்கிறவங்க பார்க்குறது டிமாட்டிக்னு ஒரு தகவல் தொகுப்பு. எந்த நாட்டுக்கு எந்த ஆவணம்னு அதுல இருக்கும். தப்பான ஆவணத்தோட ஒருத்தரை ஏத்திட்டா அவரைத் திருப்பிக் கொண்டுவர்ற பொறுப்பு விமான நிறுவனத்துக்கு. அதனால சந்தேகம்னா ஏத்த மாட்டாங்க. விதி மாறினது நேத்து ராத்திரின்னா, மாறின அரசுப் பக்கத்தை அச்செடுத்துக் கையில வெச்சுக்கோங்க.

இதுல ஆச்சரியம், இந்தக் குழப்பம் இல்லாத ஒரு முறை ஏற்கெனவே இருக்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. உலகம் முழுக்க ஒரே வடிவம். பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பேட்ச் எண், கையெழுத்து, சீல் எல்லாம் ஒரே தாள்ல. ஊசி போட்ட 10 நாள் கழிச்சு செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். பழைய அட்டையில 10 வருஷம்னு எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம், மறுபடி ஊசி தேவையில்ல. அந்த நோய் இருக்கிற நாட்டுல இருந்து அட்டை இல்லாம திரும்பினா, இந்தியாவே உங்களை 6 நாள் வரைக்கும் தனிமையில வைக்கும். அதைப் பரப்புற கொசு நம்ம ஊர்ல நிறைய, நோய்தான் இன்னும் வரல. அதனாலதான் இவ்வளவு கண்டிப்பு.

நைஜீரியா, உகாண்டா பக்கம் வேலைக்குப் போறவங்க உங்க வீட்ல இருந்தா இந்த வீடியோவை அனுப்பிடுங்க. சென்னைக்காரங்க கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்கலாம். பயணத்துக்கு 10 நாள் முன்னாடி போறது கடைசிக் கெடு, மூணு வாரம் முன்னாடி போங்க. பாஸ்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. அட்டையை வாங்கினதும் அந்த அறையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி பேட்ச் எண், கையெழுத்து, சீல் மூணும் இருக்கான்னு அங்கேயே பாருங்க.